பிக்கப் அறிந்து கிட்டார் வாங்குவது

பினாங்கின் சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே அங்காடிக்காரர்கள் வண்டியை நிறுத்தி அடுப்பு பற்றவைக்கும் நேரம் அது. ஏழரை மணி வாக்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியதும் வாசிப்பை நிறுத்திவிடுவோம். போன ஆண்டு ஒருநாள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வரும் மாணவர் ஒருவர், வால்யூமைக் குறைக்க மறந்து கையை மட்டும் தந்திகளிலிருந்து எடுத்துவிட்டார். அதுவரை பாட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த இரைச்சல் சட்டென்று மேலே வந்தது. பழைய ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்தது போல ஒரு 'ம்ம்ம்'. பதறிப்போய் ஆம்பை அணைத்தார். பாங்கு முடிந்ததும் கேட்டார்: "மாஸ்டர், இந்தச் சத்தம் கிட்டார்லேர்ந்து வருதா, ரூம்லேர்ந்து வருதா?"

சரியான இடத்தைத் தொட்ட கேள்வி. இரண்டிலிருந்தும் என்பதுதான் பதில். அறையின் மின்கம்பிகளும் விளக்குகளும் கிளப்பும் இரைச்சலை அவருடைய கிட்டாரின் பிக்கப் பிடித்து ஆம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கிட்டாரை வாங்கியபோது அவர் நிறம் பார்த்தார், பெயர் பார்த்தார், விலை பேசினார். நடுவில் வரிசையாகப் பதித்திருந்த மூன்று வெள்ளைப் பட்டைகள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்தப் பாட்டு? எந்த இடம்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பிக்கப்பின் வகை தானாக முடிவாகும். வகை முடிவானால் கடைச் சுவரில் தொங்குவதில் பெரும்பகுதியை நீங்கள் கையில் எடுக்க வேண்டியதே இல்லை.

காந்தமும் கம்பிச்சுருளும்

பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும், அதைச் சுற்றிய தாமிரக் கம்பியும்தான். தலைமுடி அளவே பருமனுள்ள கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். இரும்புத் தந்தி காந்தப்புலத்துக்குள் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெருக்குகிறது. இதனால்தான் நைலான் தந்தி மாட்டிய கிட்டாரில் இந்தப் பிக்கப் வேலை செய்யாது. மைக்கைப் போல காற்றில் வரும் ஒலியை அது கேட்பதில்லை. தந்தியின் அசைவை மட்டும் படிக்கிறது.

1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டார்கள், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார்கள். பித்தளை ஊதுகருவிகள் முழங்கும் மேடையில் கிட்டார் யார் காதிலும் விழவில்லை என்ற குறைக்குத்தான் ஜார்ஜ் போஷாம்ப் குதிரைலாட வடிவக் காந்தத்தை வைத்து அந்தப் பிக்கப்பைச் செய்தார். அன்றைக்குத் தேவை சத்தம் மட்டும். சத்தம் கிடைத்த பிறகுதான் 'எப்படிப்பட்ட சத்தம்' என்ற பேச்சு வந்தது. நீங்கள் கடையில் பார்க்கும் வகைகள் எல்லாம் அந்தப் பேச்சிலிருந்து வந்தவை.

மரத்தைப் பற்றிக் கடைகளில் நிறையச் சொல்வார்கள். மஹாகனி, ஆல்டர், ஆஷ் என்று பட்டியல் நீளும். திடமான உடல் உள்ள கிட்டாரில் மரத்தை மாற்றுவதால் வரும் வேறுபாட்டைவிட, பிக்கப்பின் வகையையோ அது இருக்கும் இடத்தையோ மாற்றுவதால் வரும் வேறுபாடு பல மடங்கு பெரிது. சந்தேகம் இருந்தால் ஒரே கிட்டாரில் சுவிட்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிக் கேளுங்கள். மரம் அதேதான்.

சிங்கிள் காயில்

ஒற்றைச் சுருள். லியோ ஃபெண்டர், வானொலி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து கிட்டார் செய்ய வந்தவர். அவருடைய டெலிகாஸ்டர் 1951இல் அந்தப் பெயரைப் பெற்றது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. இரண்டிலும் இருப்பது மெலிந்த ஒற்றைச் சுருள் பிக்கப். அதன் ஒலி கணீரென்று இருக்கும். வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி பட்டது போலத் தொடக்கம் கூர்மையாக விழும். ஆறு தந்திகளையும் ஒன்றாக மீட்டினாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

பழைய தலைமுறைப் பினாங்குக்காரர்களுக்கு இந்த ஒலி தெரியும். 1960களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முளைத்த குகிரான் குழுக்களின் ஒலி இதுதான். 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்பதன் சுருக்கம் குகிரான். அவர்கள் காதில் வைத்திருந்த முன்மாதிரி இங்கிலாந்தின் ஷாடோஸ் குழு. 1959இல் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஹாங்க் மார்வின் வாசித்த தெளிவான, எதிரொலி சேர்த்த மெட்டுகள் இங்கே ஒரு தலைமுறையையே கிட்டார் தூக்க வைத்தன.

ஸ்ட்ராட் வகையில் மூன்று பிக்கப்கள், ஐந்து நிலைச் சுவிட்ச். ஆரம்பத்தில் மூன்று நிலைகள்தான் இருந்தன. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்து, இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் குழிந்த, மூக்கொலி கலந்த இனிமையைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலைச் சுவிட்சை வைத்தது. சோதிக்கும்போது அந்த இரண்டாவது, நான்காவது நிலைகளைக் கட்டாயம் கேளுங்கள். 1980களின் தமிழ்ப் பாடல்களில் குரலுக்குப் பின்னால் சிதறிச் சிதறி விழும் கிட்டார் கோர்ட்களுக்கு இந்த நிலைகளைப் போல வேறெதுவும் பொருந்தி வருவதில்லை என்பது என் அனுபவம்.

இனி அந்த 'ம்ம்ம்'. மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படியே. அமெரிக்காவில் 60. ஒற்றைச் சுருள் நல்ல ஆண்டெனாவாகவும் இருப்பதால், சுவருக்குள் ஓடும் கம்பி, டியூப்லைட், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் என்று எல்லாவற்றிலிருந்தும் அந்த 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வாங்கிக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது கீழ்ஸ்தாயி ஜி சுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். அதனால் ஜி சுருதியில் பாடும் பாட்டில் இரைச்சல் கொஞ்சம் பதுங்கிக்கொள்ளும். வேறு சுருதியில் அந்நியமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு சுருதியிலும் சோதித்துப் பாருங்கள்.

ஹம்பக்கர்

இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். 1957இலிருந்து அது லெஸ் பால் கிட்டாரில் ஏறியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்தத் திசை மற்றதற்கு நேர்மாறு. மின்னிணைப்பின் திசையும் நேர்மாறு. தந்தியின் அதிர்வுக்கு இந்த இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டி, இரு சுருளின் ஒலியும் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தின் திசையைப் பற்றிக் கவலையில்லை. அதனால் ஒரு சுருளில் ஏறும்போது மற்றதில் இறங்கி, இரண்டும் கழிந்துபோகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் படிப்பதாலும், கம்பியின் சுற்றுகள் கூடுவதாலும், மேல்ஸ்தாயிக் கூர்மை குறைகிறது. பதிலுக்கு நடுப்பகுதி தடிக்கிறது. சிங்கிள் காயிலின் ஒலி உதிரியாக வடித்த சோறு என்றால் இது நெய் விட்டுப் பிசைந்தது. ஆம்பை முறுக்கி உறுமவைக்கும்போது ஹம்பக்கருக்கு நிகரில்லை. உறுமலில் சிங்கிள் காயிலின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஹம்பக்கரில் நிறுத்தினால் நிறுத்தியதுதான்.

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர்கள் இருந்தன. 17 வயதில், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த வெள்ளியில் வாங்கியது. வானொலியில் கேட்ட பாட்டுகளை வாசிப்பேன். எல்லாம் கம்பளிக்குள் பொதிந்து வைத்தது போலவே வரும். கை சரியில்லை என்று நினைத்து மேலும் மேலும் பழகினேன். பல ஆண்டுகள் கழித்துப் பின்மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வால்யூம் திருகியில் 250 கிலோ ஓம் 'பொட்டு', அதாவது மாறும் மின்தடை, இருந்தது. சிங்கிள் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 என்பது நீண்டகால வழக்கம். பொட்டின் மதிப்பு குறையக் குறைய மேல்ஸ்தாயி ஒலி தரைக்கு ஒழுகிப் போகும். மாற்றிப் பொருத்திய அன்று அந்தக் கிட்டார் முதல் முறையாக வாய் திறந்தது. அத்தனை ஆண்டுகளும் திரும்பி வராது. அதனால்தான் எந்த ஹம்பக்கர் கிட்டாரானாலும் 'பொட்டு எத்தனை?' என்று கேட்கச் சொல்கிறேன். பொட்டின் அடியில் அச்சடித்திருக்கும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் இருக்கும்.

பி-90யும் மற்றவையும்

கிப்சனின் பி-90, ஹம்பக்கருக்கு மூத்தது, 1946இல் வந்தது. 1952இல் வெளியான முதல் லெஸ் பால் கிட்டாரில் இருந்ததும் இதுதான். இதுவும் ஒற்றைச் சுருள், ஆனால் அகலமாகவும் தட்டையாகவும் சுற்றியது. கூர்மையும் இருக்கும், தடிப்பும் இருக்கும், இரைச்சலும் இருக்கும். விரலால் மெதுவாக மீட்டினால் பேச்சுக்குரல் போல வரும், அழுத்தினால் கரகரக்கும். வாசிப்பவரின் கையை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் பிக்கப் வேறில்லை. நான் வீட்டில் தினமும் எடுப்பது பி-90 கிட்டாரைத்தான்.

ஆக்டிவ் பிக்கப்களில் குறைந்த சுற்றுகளும் உள்ளேயே ஒரு சிறு ஆம்பும் இருக்கும். 9 வோல்ட் பேட்டரி தேவை. அமெரிக்காவின் இஎம்ஜி இதில் பெயர் பெற்றது. மெட்டல் இசைக்காரர்களுக்கு ஏற்றது. கேபிளைச் செருகி வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கச்சேரி நாளில் பையில் ஒரு பேட்டரி கூடுதலாக இருக்கட்டும்.

'எச்எஸ்எஸ்' என்று எழுதியிருந்தால் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என்று பொருள். யமஹா பசிஃபிகா வரிசையில் இந்த அமைப்பைப் பரவலாகப் பார்க்கலாம். சிலவற்றில் டோன் திருகியை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்துவிடும். அப்படிக் கிடைக்கும் ஒலி அசல் சிங்கிள் காயில் அளவுக்கு வராது, இரைச்சலும் திரும்பிவிடும். ஆனாலும் எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தெரியாதவருக்கு, முதல் கிட்டாராக எச்எஸ்எஸ்ஸைத் தயங்காமல் சொல்வேன்.

குதிரைக்கு அருகே, கழுத்துக்கு அருகே

வீணை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். குதிரைக்கு ஒட்டி மீட்டினால் ஒலி சுருக்கென்று இருக்கும். தள்ளி மீட்டினால் குழையும். பிக்கப் இருக்கும் இடமும் அப்படியே. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் தந்தி குறைவாக அசையும் இடத்தைப் படிக்கிறது. அங்கே மேல் அதிர்வுகள்தான் ஓங்கி நிற்கும். நெக் பக்கத்துப் பிக்கப்புக்குத் தந்தியின் அகன்ற அசைவு கிடைக்கிறது.

நம் இசையை வாசிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். கமகத்துக்குக் கார்வை வேண்டும். ஒலி விழுந்த உடனே செத்துப்போனால் அசைக்க எதுவும் மிஞ்சாது. மேண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் செய்ததை நினைத்துப் பாருங்கள். சாதாரண மேண்டலினில் இரட்டை இரட்டையாகத் தந்திகள், நொடியில் அடங்கும் ஒலி. அவர் எடுத்துக்கொண்டது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலின். ஒற்றைத் தந்தி விரலுக்கு வளைந்தது, பிக்கப் கார்வையைக் காப்பாற்றியது. கர்நாடக இசை அந்தச் சின்னக் கருவிக்குள் வந்து உட்கார்ந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அதே வேலையை ஆர். பிரசன்னா செய்துகாட்டியிருக்கிறார்.

இதற்கு என் பரிந்துரை: நெக் பக்கத்து ஹம்பக்கர் அல்லது பி-90, டோன் திருகியைக் கால் பங்கு குறைத்து. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கார்வை நீளட்டும் என்று பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே உயர்த்திவிடாதீர்கள். காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, அதிர்வைக் கெடுத்து, கார்வையையும் குறைக்கும். ஸ்ட்ராட் வகையில் இது இன்னும் மோசம். தடித்த தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் அழுத்தினால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போலக் கேட்கும். சுருதி சேரவில்லை என்று நினைத்துப் பலர் கிட்டாரையே மாற்றிவிடுகிறார்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்ட்ராட்டில் தடித்த தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 என்று தொடங்கி, காதை வைத்துக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஆகும் வேலை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒலி அக்குஸ்டிக் கிட்டாருடையது. எந்தப் பிக்கப்பாலும் அதைத் தர முடியாது. அதுதான் வேண்டும் என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு அக்குஸ்டிக் கடைக்குப் போங்கள்.

எங்கே வாசிக்கப்போகிறீர்கள்

இந்தத் தீவில் தமிழர்கள் பேண்டு அமைப்பது புதிதல்ல. மலாய் பாப் இசையில் பெரும்புகழ் பெற்ற அல்லிகேட்ஸ் பினாங்கில் உருவான குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் குரல்தான் அதன் அடையாளம். இன்றைக்கும் நம் பிள்ளைகள் கல்யாண விருந்துகளில், தேவாலயங்களில், கோயில் திருவிழா மேடைகளில், லவ் லேன் பக்கத்து மதுக்கூடங்களில் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இரைச்சல் உண்டு.

கல்யாண மண்டபத்தில் மேடை விளக்குகளின் டிம்மர் பெரிய எதிரி. மணமக்கள் உள்ளே வரும்போது விளக்கை மங்கவைப்பார்கள். அந்த நொடியில் சிங்கிள் காயில் கிட்டார் 'ஸ்ஸ்ர்ர்' என்று கத்தும். பின்னால் எல்இடி திரை இருந்தால் கேட்கவே வேண்டாம். திருவிழா மேடையில் ஜெனரேட்டரும், தரையெல்லாம் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகளும். இத்தகைய இடங்களில்தான் உங்கள் பிழைப்பு என்றால் ஹம்பக்கரோடு போங்கள். அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் அடுக்கிய, 'நாய்ஸ்லெஸ்' என்று விற்கப்படும் சிங்கிள் காயிலைத் தேடுங்கள். வீட்டில், பதிவு அறையில், சின்ன மேடையில் வாசிப்பவர் சிங்கிள் காயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் இரைச்சலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டதும் கூடினால் இணைப்பில் எங்கோ தவறு. தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டபோது 'சுரீர்' என்றால் அது எர்த் கோளாறு, உயிருக்கு ஆபத்து. உடனே நிறுத்தி, மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். இரைச்சலைப் போக்குகிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

கடையில் அரை மணி நேரம்

பசியாறிவிட்டுப் போங்கள், அவசரத்தில் காது வேலை செய்யாது. உங்கள் கேபிளையே கொண்டுபோங்கள். கேபிள் நீள நீள மேல்ஸ்தாயி மங்கும். கடையின் 3 மீட்டர் கேபிளில் பளிச்சென்று கேட்ட கிட்டார் உங்கள் 6 மீட்டர் கேபிளில் சோர்ந்து கேட்கும். வீட்டில் இருக்கும் ஆம்புக்கு நெருக்கமான ஆம்பைக் கேட்டு வாங்குங்கள். ரிவெர்ப், டிரைவ் எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். எதிரொலிக்குள் எல்லாப் பிக்கப்பும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் எதிலும் செருகாமல் வாசியுங்கள். கழுத்து வளைவில்லாமல் இருக்கிறதா, ஃப்ரெட்டுகளின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று பாருங்கள். பிக்கப்பைப் பிறகு மாற்றலாம், கழுத்தை எளிதில் மாற்ற முடியாது. பிக்கப்பை மாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கிள் காயிலுக்கு வெட்டிய குழியில் முழு அளவு ஹம்பக்கர் உட்காராது. மரத்தைக் குடைய வேண்டும், அல்லது அந்த அளவிலேயே செய்த மெலிந்த ஹம்பக்கரோடு திருப்திப்பட வேண்டும். அதனால் வகையை இப்போதே சரியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிறகு செருகி, ஆறு தந்தியும் சேர்ந்த ஒரு கோர்டை மீட்டி, ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். வால்யூமைப் பாதிக்குக் குறையுங்கள். சத்தம் மட்டும் குறைய வேண்டும், பளிச்சென்ற தன்மை முழுதும் போய்விடக்கூடாது. சுவிட்சின் எல்லா நிலைகளையும் ஒரே வரி மெட்டில் கேளுங்கள், தெரிந்த பாட்டாக இருந்தால் உத்தமம். கடைசியாக, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். கிட்டாரை மடியோடு சேர்த்து மெல்லத் திரும்புங்கள். சிங்கிள் காயில் ஒரு திசையில் கத்தும், கால் வட்டம் திரும்பினால் ஏறக்குறைய அடங்கும். எந்தத் திசையிலும் அடங்காமல் கத்தினால் உள்ளே கவசத்தாளோ எர்த் இணைப்போ சரியில்லை.

பழைய கிட்டார் வாங்குகிறவர் இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, சிறிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பிக்கப்பின் ஒவ்வொரு காந்த முனையையும் பூப்போலத் தொடுங்கள். உயிருள்ள சுருளில் 'டொக்' என்று ஆம்பில் கேட்கும். ஹம்பக்கரின் ஒரு வரிசையில் மட்டும் ஓசை மங்கலாக இருந்தால், ஒரு சுருள் செத்துவிட்டது அல்லது துண்டித்து வைத்திருக்கிறார்கள். அடுத்து மல்டிமீட்டர். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் 6 கிலோ ஓம் அருகே காட்டும். பி-90யும் பழைய பாணி ஹம்பக்கரும் 8ஐ ஒட்டி. 'ஹாட்' என்று விற்கும் ஹம்பக்கர்கள் 12 முதல் 16 வரை. எண் பெரிதானால் சத்தம் கூடும் என்று மட்டும் எண்ண வேண்டாம், கூடவே ஒலி இருண்டும் போகும். பொட்டின் மதிப்பு 250 அல்லது 500ஐ மட்டும் காட்டினால் அந்தச் சுருள் அறுந்துபோயிருக்கிறது. ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்த அளவு பொருந்தாது.

கடலோர ஊரில் சுருள் அறுவது அரிதல்ல. பினாங்கின் ஈரக்காற்றும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து காந்த முனைகளில் துருப்பூ பூக்கும். கம்பியின் பூச்சு எங்காவது உரிந்திருந்தால் தாமிரம் பச்சை பிடித்து ஒருநாள் விட்டுவிடும். முனைகளில் பழுப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பச்சை தெரிந்தால் வேண்டாம். திருகியைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கு அஞ்ச வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு போதும். வாங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் தந்தியையும் பிக்கப் மேல்பகுதியையும் துடைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

அந்தப் பட்டர்வொர்த் மாணவர் கிட்டாரை விற்றுவிட்டு ஹம்பக்கர் வாங்குகிறேன் என்று அடுத்த சனிக்கிழமை வந்தார். நண்பர் ஒருவரின் ஹம்பக்கர் கிட்டாரை இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே ஆம்பில், ஒரே பாட்டில் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை வாசித்துவிட்டு, "இதுல சத்தம் இல்ல மாஸ்டர், ஆனா பாட்டும் இல்ல" என்றார். அவர் தேடும் ஒலி அவரிடமே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பினார். ஜன்னலுக்குச் சற்றே இடப்புறம் பார்த்தபோது இரைச்சல் ஏறக்குறைய அடங்கியது. நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். சனிக்கிழமை வந்ததும் அவர் முதலில் அந்த வட்டங்களைத்தான் தேடுகிறார். அழிந்திருந்தால் மறுபடி வரைந்துவிட்டு உட்காருகிறார்.